புது லேப்டாப்பில் பழைய விண்டோஸ்: "டிரைவர்" இல்லாமல் திண்டாட்டம்!

டிஸ்க் உள்ளே இருக்கும். "இல்லை" என்று திரை சொல்லும்!
கடைக் கணக்கு அழியாமல் தப்புவது எப்படி?

சென்னை,

புத்தம் புதிய லேப்டாப். பெட்டியைப் பிரித்து ஒரு நாள்தான் ஆகிறது. அதில் பழைய விண்டோசைப் போடலாம் என்று உட்கார்ந்தால், "இந்தக் கம்ப்யூட்டரில் டிஸ்க்கே இல்லை" என்று திரையில் பதில் வருகிறது!

காசு கொடுத்து வாங்கிய டிஸ்க் எங்கே போயிற்று? விற்றவர் ஏமாற்றிவிட்டாரா? வழியில் யாராவது கழற்றிவிட்டார்களா?

அப்படி ஒன்றும் இல்லை. டிஸ்க் உள்ளேதான் பத்திரமாக இருக்கிறது. அதைப் பார்க்கும் கண் பழைய விண்டோசுக்கு இல்லை. அவ்வளவுதான்!

மவுண்ட் ரோட்டிலிருந்து ரிச்சி தெருவுக்குள் திரும்பினால், லேப்டாப் ரிப்பேர் கடைகளில் இந்தக் கேசும் வந்து நிற்கும். மளிகைக் கடை முதலாளி, மருந்துக் கடைக்காரர், ஆடிட்டர் ஆபீஸ் குமாஸ்தா என்று பலரும் புது லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவார்கள்.

பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:-

"தம்பி, பழைய மிஷின்ல ஓடுன மாதிரியே இதுலயும் ஓடணும். அந்தப் பழைய விண்டோசையே போட்டுக் குடுத்துடு."

"அண்ணே, டிஸ்க்கையே காட்ட மாட்டேங்குது. டிரைவர் ஏத்தணும்."

"லேப்டாப்புக்கு எதுக்குப்பா டிரைவர்? நான் என்ன காரா வாங்கியிருக்கேன்?"

சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த "டிரைவர்" விவகாரத்தில் அவசரப்பட்டால், பல வருஷத்துக் கடைக் கணக்கு ஒரே நிமிஷத்தில் அம்போ ஆகிவிடும்!

அது என்ன விவகாரம்? விவரம் வருமாறு:-

ஏன் பழசு?

புது லேப்டாப்பில் புது விண்டோசை வைத்துக்கொள்ள வேண்டியதுதானே, பழசு எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

ஆனால் கடைக்காரரின் கஷ்டம் வேறு. பில் போடும் புரோகிராமை என்றோ ஒருவர் எழுதிக் கொடுத்திருப்பார். டாஸ் காலத்து பாக்ஸ்புரோவில் எழுதியது. எழுதினவர் இப்போது எங்கே இருக்கிறார் என்றே தெரியாது. புரோகிராம் மட்டும் கடிகாரம் மாதிரி ஓடிக்கொண்டிருக்கிறது. கடைப் பையனுக்கு அதில் கை பழகிவிட்டது. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரும் அதற்குத்தான் பழகியிருக்கிறது.

அந்தக் காலத்து டாஸ் புரோகிராம்கள் 16 பிட் ரகம். 64 பிட் விண்டோஸ் அவற்றை வாசலிலேயே நிறுத்திவிடும். 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11, 64 பிட்டில் மட்டும்தான் உண்டு. ஆகவே புது லேப்டாப்பில் அந்தப் புரோகிராமை அமுக்கினால், "இது இங்கே ஓடாது" என்ற பதில்தான் வரும்.

கடைக்காரர் என்ன செய்வார்? "பழைய விண்டோசைப் போடு" என்கிறார்!

அங்கேதான் ஆரம்பிக்கிறது வம்பு.

துபாஷி

டிரைவர் என்றால் என்ன? சென்னைக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம்.

கும்பினி காலத்தில் இந்த ஊரில் துபாஷிகள் இருந்தார்கள். வெள்ளைக்காரனுக்குத் தமிழ் தெரியாது. நம் ஊர் வியாபாரிக்கு இங்கிலீஷ் தெரியாது. இரண்டு பாஷையும் தெரிந்த துபாஷி நடுவில் நின்றால்தான் சரக்கு கைமாறும். கல்லூரிக்குப் பெயர் தந்த பச்சையப்ப முதலியார்கூட துபாஷியாக இருந்தவர்தான்.

லேப்டாப்புக்குள் அந்த வேலையைச் செய்வதுதான் டிரைவர். அது ஒரு சின்ன புரோகிராம். விண்டோஸ் சொல்வதை டிஸ்க்குக்கும், டிஸ்க் சொல்வதை விண்டோசுக்கும் எடுத்துச் சொல்லும்.

விண்டோஸ் பொட்டலத்திலேயே நூற்றுக்கணக்கான துபாஷிகள் அடைத்து வருகிறார்கள். ஆனால் அந்தப் பொட்டலம் கட்டிய நாளில் இருந்த சாமான்களுக்குத்தான் அவர்கள் பதில் சொல்லுவார்கள். அதற்குப் பிறகு பிறந்த சாமான் எதிரே வந்தால், திருதிருவென்று விழிப்பார்கள்!

இன்னொரு குழப்பமும் உண்டு. "டிரைவ்" வேறு, "டிரைவர்" வேறு. டிரைவ் என்பது கணக்கு வழக்கு இருக்கும் டிஸ்க். டிரைவர் என்பது அதனோடு பேசும் துபாஷி. "டிரைவ் கிடைக்கவில்லை" என்று திரை சொன்னால், பாதிக்கு மேல் அதற்கு அர்த்தம் "எனக்கு டிரைவர் கிடைக்கவில்லை" என்பதுதான்.

நீலத் திரை

இந்தக் கதை இன்று நேற்று ஆரம்பித்தது அல்ல.

விண்டோஸ் எக்ஸ்பி 2001 அக்டோபரில் வந்தது. சக்கைப்போடு போட்டது. 2007 ஜனவரியில் விஸ்டா வந்தது. விஸ்டா நிறையப் பேருக்குப் பிடிக்கவில்லை. "எக்ஸ்பியையே திரும்பப் போட்டுக் கொடு" என்று விஸ்டா லேப்டாப்போடு மெக்கானிக்கிடம் வந்தார்கள்.

அதற்குள் டிஸ்க் மாறிவிட்டது. சாட்டா டிஸ்க், அதற்கு ஏ.எச்.சி.ஐ. என்ற புதுப் பேச்சு முறை. அந்த முறையை இண்டெல் கம்பெனி வெளியிட்டதே 2004-ல்தான். 2001-ல் பிறந்த எக்ஸ்பிக்கு அது எப்படித் தெரியும்?

எக்ஸ்பி சி.டி.யைப் போட்டால் "ஹார்டு டிஸ்க் எதுவும் இல்லை" என்று கையை விரிக்கும். அல்லது திரை பளிச்சென்று நீலமாகி, "7பி" என்று முடியும் எண்ணோடு அப்படியே நின்றுவிடும். அந்த நீலத் திரையைப் பார்த்துத் தலையில் கைவைத்து உட்கார்ந்த மெக்கானிக்குகள் எத்தனையோ பேர்!

அதற்கு எக்ஸ்பி சொன்ன பரிகாரம் இன்னும் வேடிக்கை. ஆரம்பத்திலேயே "எஃப் 6" பட்டனை அமுக்க வேண்டும். பிறகு டிரைவரை பிளாப்பியில் கொடுக்க வேண்டும். லேப்டாப்பில் பிளாப்பி போடும் வாயே மறைந்துபோன காலம் அது! பிளாப்பிக்கு எங்கே போவது?

கெட்டிக்கார மெக்கானிக்குகள் இரண்டு வழி கண்டுபிடித்தார்கள். ஒன்று, பயாஸ் என்ற உள் அமைப்புக்குள் போய் ஏ.எச்.சி.ஐ.யை மாற்றி ஐ.டி.ஈ. என்று வைப்பது. டிஸ்க் உடனே பழைய பாஷையில் பேசும். இன்னொன்று, என்லைட் என்ற புரோகிராமை வைத்து டிரைவரை எக்ஸ்பி சி.டி.க்குள்ளேயே சேர்த்துப் புது சி.டி. எழுதுவது.

இன்றைக்கும் மெக்கானிக்குகள் இந்த டிஸ்க் டிரைவரை "எஃப் 6 டிரைவர்" என்றுதான் சொல்கிறார்கள். பிளாப்பி போய்விட்டது, பெயர் மட்டும் நிற்கிறது.

ஏழுக்கு வந்த சோதனை

எக்ஸ்பி போயிற்று, 2009 அக்டோபரில் விண்டோஸ் 7 வந்தது. ஏ.எச்.சி.ஐ. பாஷை அதற்கு நன்றாகத் தெரியும். பிரச்சினை தீர்ந்தது என்று எல்லோரும் மூச்சு விட்டார்கள்.

விட்ட மூச்சை உள்ளே இழுப்பதற்குள் அடுத்த டிஸ்க் வந்துவிட்டது! அதன் பேச்சு முறைக்கு என்.வி.எம்.ஈ. என்று பெயர். முதல் விதிமுறை 2011 மார்ச்சில் வந்தது.

இப்போது லேப்டாப்பைத் திறந்தால், விரல் நீளத்துக்கு ஒரு பச்சை அட்டை தெரியும். அகலம் 22 மில்லிமீட்டர், நீளம் 80 மில்லிமீட்டர். அதுதான் டிஸ்க்! சுற்றுவது கிடையாது, சத்தம் கிடையாது.

வேகம்? சென்ட்ரல் ஸ்டேஷனை நினைத்துக்கொள்ளுங்கள். ஏ.எச்.சி.ஐ. முறையில் ஒரே ஒரு டிக்கெட் கவுண்ட்டர். கியூவில் 32 பேர்தான் நிற்கலாம். என்.வி.எம்.ஈ. முறையில் 64 ஆயிரத்துக்கும் மேல் கவுண்ட்டர் திறக்க இடம் உண்டு. ஒவ்வொரு கவுண்ட்டரிலும் அதே போல 64 ஆயிரத்துக்கும் மேல் ஆட்கள் நிற்கலாம்!

2009-ல் பிறந்த விண்டோஸ் 7-க்கு 2011-ல் பிறந்த இந்தப் பாஷை தெரியாது. பிற்பாடு மைக்ரோசாப்ட் ஒரு திருத்தப் பொட்டலம் வெளியிட்டது. ஆனால் உங்கள் கையில் உள்ள பழைய விண்டோஸ் 7 டி.வி.டி.யில் அது இருக்காது.

கஷ்டம் அதோடு நிற்கவில்லை. யு.எஸ்.பி. 3 துளைகளுக்கும் விண்டோஸ் 7-ல் டிரைவர் கிடையாது. 2015-க்குப் பிறகு வந்த பல லேப்டாப்புகளில் பழைய ரக யு.எஸ்.பி.யே இல்லை. ஆகவே பென்டிரைவிலிருந்து பாதி வரை ஓடிவிட்டு, "சி.டி. டிரைவர் காணவில்லை" என்று திரை கேட்கும். சி.டி.யே இல்லாத லேப்டாப்பில் சி.டி. டிரைவருக்கு எங்கே போவது? அது கேட்பது உண்மையில் யு.எஸ்.பி. டிரைவரை. மவுசும் அசையாது, வெளியே மாட்டிய கீபோர்டும் வேலை செய்யாது!

ஒளிந்துகொள்ளும் டிஸ்க்

விண்டோஸ் 10 வந்த பிறகாவது நிம்மதி உண்டா? அதுவும் இல்லை.

என்.வி.எம்.ஈ. பாஷை விண்டோஸ் 10-க்குத் தெரியும். ஆனால் 2020-ல் இண்டெலின் 11-வது தலைமுறை சிப்புகள் வந்தன. அவற்றோடு லேப்டாப்புகளுக்குள் வி.எம்.டி. என்ற ஒன்றும் வந்து சேர்ந்தது.

வி.எம்.டி. முதலில் பெரிய சர்வர்களுக்காகச் செய்தது. மிஷினை நிறுத்தாமலே டிஸ்க்கைக் கழற்றி மாட்டவும், பல டிஸ்க்குகளை ஒன்றாகக் கட்டி மேய்க்கவும் வசதி. அதையே லேப்டாப்பிலும் வைத்துவிட்டார்கள்.

அதனால் என்ன ஆயிற்று? டிஸ்க் வீட்டுக்குள் இருக்கிறது. வாசலில் வி.எம்.டி. என்ற வாட்ச்மேன் நிற்கிறார். விண்டோஸ் வந்து கதவைத் தட்டினால் வாட்ச்மேன் மட்டும்தான் தெரிகிறார். வாட்ச்மேனோடு பேசும் டிரைவர் இருந்தால்தான் உள்ளே விடுவார். இல்லாவிட்டால் "டிரைவ் எதுவும் கிடைக்கவில்லை, டிரைவர் வேண்டுமானால் லோடு டிரைவர் பட்டனை அமுக்கவும்" என்ற வாசகம்தான் மிச்சம்.

சில லேப்டாப்புகளில் விண்டோஸ் 11 போடும்போதே இந்தக் கதி நேர்ந்திருக்கிறது. ஆகவே விண்டோஸ் 10 முழித்ததில் ஆச்சரியம் இல்லை.

ஏ.எம்.டி. சிப் போட்ட லேப்டாப்பில் இந்த வாட்ச்மேன் கிடையாது. இது இண்டெல் வீட்டு ஏற்பாடு.

என்ன செய்யலாம்?

விண்டோஸ் 10 அல்லது 11 போடும்போது டிஸ்க் தெரியாவிட்டால் பதற வேண்டாம். செய்ய வேண்டியது இதுதான்:-

1. வேறொரு கம்ப்யூட்டரில், உங்கள் லேப்டாப் கம்பெனியின் சொந்த இணையதளத்துக்குப் போங்கள். மாடல் நம்பரைக் கொடுங்கள். "ஸ்டோரேஜ்" என்ற தலைப்பில் "இண்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டெக்னாலஜி" டிரைவர் இருக்கும். அதை இறக்கிக்கொள்ளுங்கள்.

2. இறக்கிய பொட்டலத்தை அப்படியே பென்டிரைவில் போட்டால் வேலைக்கு ஆகாது. நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். பொட்டலத்தைப் பிரித்து, உள்ளே இருக்கும் "ஐ.என்.எஃப்." கோப்புகள் தனித்தனியாகத் தெரியும்படி ஒரு போல்டரில் போட வேண்டும்.

3. பென்டிரைவை மாட்டி, திரையில் "லோடு டிரைவர்" பட்டனை அமுக்கி, அந்த போல்டரைக் காட்டுங்கள். சரியான டிரைவராக இருந்தால், காணாமல் போன டிஸ்க் கண்முன் வந்து நிற்கும்!

இன்னொரு வழியும் உண்டு. பயாஸ் உள்ளே போய் வி.எம்.டி.யை நிறுத்திவிடுவது. வாட்ச்மேன் விலகிவிட்டால் டிஸ்க் நேராகவே தெரியும். சில லேப்டாப்புகளில் இந்த அமைப்பை ஒளித்து வைத்திருப்பார்கள். கண்ட்ரோலையும் எஸ்-ஐயும் சேர்த்து அமுக்கினால்தான் தெரியும் மாடல்களும் உண்டு.

ஆனால் ஒன்று. ஏற்கனவே விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்பில் வி.எம்.டி.யை நிறுத்தினால், அந்த விண்டோஸ் அடுத்த முறை எழுந்திருக்காது. மறுபடியும் நீலத் திரைதான்! பயப்படாமல் பழையபடி மாற்றி வைத்தால் எழுந்துவிடும். அந்தச் சூட்சுமம் தெரியாமல், "விண்டோஸ் கெட்டுப்போச்சு" என்று எல்லாவற்றையும் அழித்துவிட்டால் யார் பொறுப்பு?

விண்டோஸ் 7 என்றால் வேலை இன்னும் அதிகம். என்.வி.எம்.ஈ. திருத்தத்தையும் யு.எஸ்.பி. 3 டிரைவரையும் விண்டோஸ் பொட்டலத்துக்குள்ளேயே சேர்க்க வேண்டும். அதில் இரண்டு இடம் உண்டு. ஒன்று, இன்ஸ்டால் செய்யும்போது ஓடும் பகுதி. இன்னொன்று, டிஸ்க்கில் போய் உட்காரும் பகுதி. இரண்டிலும் சேர்ப்பதுதான் பத்திரம். முதலில் மட்டும் சேர்த்துவிட்டு இரண்டாவதை மறந்தால், எல்லாம் ஜம்மென்று ஏறுவது போல ஏறிவிட்டு, கடைசியில் ரீஸ்டார்ட் ஆகும்போது நட்டாற்றில் நின்றுவிடலாம்.

அதையும் தாண்டினால் அடுத்த மதில். பழைய பயாஸ் முறையையே இப்போது பல லேப்டாப்புகளில் எடுத்துவிட்டார்கள். அவற்றில் விண்டோஸ் 7 "ஸ்டார்ட்டிங் விண்டோஸ்" என்ற வாசகத்தோடு உறைந்து நிற்கும். அப்படிப்பட்ட மிஷினில் மல்லுக்கட்டுவது வீண். "இதில் ஏறாது" என்று முகத்துக்கு நேரே சொல்லும் மெக்கானிக்தான் நல்ல மெக்கானிக்.

கணக்கு அம்போ!

இனிமேல் சொல்லப்போவதை வியாபாரிகள் கவனமாகப் படிக்க வேண்டும்.

சில லேப்டாப்புகளில் இரண்டு டிஸ்க் இருக்கும். விண்டோஸ் இருப்பது சின்ன என்.வி.எம்.ஈ. டிஸ்க்கில். பில், ஸ்டாக், பாக்கி நோட்டு, குடும்பப் போட்டோ எல்லாம் பெரிய சாட்டா டிஸ்க்கில்.

பழைய விண்டோசைப் போடும்போது என்.வி.எம்.ஈ. தெரியாது. சாட்டா மட்டும் தெரியும். திரையில் ஒரே ஒரு டிஸ்க். "டிஸ்க் 0" என்று முதல் நம்பர் வேறு!

அவசரக்காரர் என்ன நினைப்பார்? "இதுதான் டிஸ்க்" என்று நினைப்பார். "டெலீட்" அமுக்குவார். "பார்மட்" அமுக்குவார். முடிந்தது கதை!

அழிந்தது வெறும் டிஸ்க் அல்ல. யார் யார் எவ்வளவு தர வேண்டும் என்ற பாக்கி. 2017 ஜூலை முதல் தேதியிலிருந்து போட்ட ஜி.எஸ்.டி. பில். ஒரு சின்னக் கடைக்கு அதுதான் உயிர். பாக்கி வைத்தவர்களிடம் போய் "நீங்களே எவ்வளவு என்று சொல்லுங்கள்" என்றா கேட்க முடியும்?

ஆகவே முதல் வேலை டிரைவர் தேடுவது அல்ல. முதல் வேலை காப்பி எடுப்பது. வெளியே மாட்டும் ஒரு டிஸ்க்கில் எல்லாவற்றையும் காப்பி எடுங்கள். எடுத்ததை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத காப்பி, காப்பி அல்ல!

திரையில் தெரியும் டிஸ்க்கின் அளவையும் பாருங்கள். உங்கள் லேப்டாப்பில் 512 ஜி.பி. என்று போட்டிருக்க, திரையில் 1000 ஜி.பி. அல்லது 16 ஜி.பி. தெரிந்தால் அது வேறு ஆள். 16 ஜி.பி. என்பது நீங்கள் மாட்டிய பென்டிரைவாகக்கூட இருக்கும். கையை எடுத்துவிடுங்கள்.

48 எண்கள்

புது லேப்டாப்புகளில் இன்னொரு பூட்டும் உண்டு. பிட்லாக்கர் என்று பெயர். பல லேப்டாப்புகளில், மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்ததுமே அது தானாகப் பூட்டிக்கொள்ளும். வாங்கினவருக்கே தெரியாது!

பயாசில் கை வைத்தால் இந்தப் பூட்டு விழித்துக்கொள்ளலாம். "48 எண்கள் கொண்ட சாவியைக் கொடு" என்று கேட்கும். சாவி இல்லாவிட்டால் மெக்கானிக்காலும் முடியாது, கம்பெனியாலும் முடியாது. டிஸ்க் கையில் இருக்கும். உள்ளே இருப்பது கிடைக்காது.

ஆகவே பயாசைத் தொடும் முன்பு அந்தச் சாவியை எழுதி வையுங்கள். மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்தால் அது கிடைக்கும். அந்த லேப்டாப்பிலேயே எழுதி வைக்காதீர்கள். பெட்டிக்குள் சாவியை வைத்துப் பெட்டியைப் பூட்டியது போல ஆகும்!

ஓசிப் பொட்டலம்

"எல்லா டிரைவரும் சேர்த்த விண்டோஸ் 7" என்று இணையத்தில் ஓசியில் கிடைக்கிறது. யாரோ ஊர் பேர் தெரியாதவர் சேர்த்தது. டிரைவரோடு வேறு என்ன சேர்த்திருக்கிறார் என்று யாருக்குத் தெரியும்? கல்லாப்பெட்டிச் சாவியைத் தெருவில் போகிறவரிடம் கொடுப்பதும் இதுவும் ஒன்றுதான்.

அசல் பொட்டலமாகவே இருந்தாலும், பழைய விண்டோசுக்குக் காவல் இல்லை. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-ந் தேதியோடு ஆதரவு நின்றது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14. விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை மைக்ரோசாப்ட் அறிவித்தது.

ஆதரவு நின்றால் என்ன ஆகும்? புதிதாக ஓட்டை கண்டுபிடித்தால் அடைக்க ஆள் வராது.

2017 மே 12-ந் தேதி நடந்தது நினைவிருக்கிறதா? "வானாக்ரை" என்ற வைரஸ் உலகத்தையே ஆட்டி வைத்தது. கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு, 300 டாலர் கொடுத்தால் திறப்பேன் என்று மிரட்டியது. பிரிட்டனில் ஆஸ்பத்திரிகளே தத்தளித்தன. அந்த ஓட்டையை அடைக்கும் மருந்தை மைக்ரோசாப்ட் அதே வருஷம் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. போட்டுக்கொண்டவர்கள் தப்பினார்கள். போடாதவர்கள் மாட்டினார்கள்.

யு.பி.ஐ.யும் பாங்கு வேலையும் பார்க்கும் லேப்டாப்பில் காவல் இல்லாத விண்டோசைப் போட்டு இணையத்தோடு இணைப்பது, கடையைத் திறந்து போட்டுவிட்டு ஊருக்குப் போவது போலத்தான்.

வீட்டுக்குள் வீடு

அப்படியானால் பழைய பில் புரோகிராமை மூட்டை கட்டிப் போட்டுவிட வேண்டியதுதானா?

வேண்டாம்! பழைய விண்டோசும் வேண்டும், புது லேப்டாப்பும் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. அதற்கு "வர்ச்சுவல் மிஷின்" என்று பெயர்.

புது விண்டோஸ் அப்படியே இருக்கட்டும். அதில் வர்ச்சுவல்பாக்ஸ் போன்ற ஒரு புரோகிராமைப் போடுங்கள். அது லேப்டாப்புக்குள் ஒரு பாவனைக் கம்ப்யூட்டரை உண்டாக்கும். அந்தப் பாவனைக் கம்ப்யூட்டருக்குள் எக்ஸ்பியோ விண்டோஸ் 7-ஓ போடலாம்.

இதில் விசேஷம் என்ன தெரியுமா? உள்ளே இருக்கும் பழைய விண்டோசுக்கு அது காட்டுவது பழைய ரக ஐ.டி.ஈ. டிஸ்க்! அந்தப் பாஷை எக்ஸ்பிக்குத் தாய்மொழி மாதிரி. வெளியே என்.வி.எம்.ஈ. இருந்தால் என்ன, வி.எம்.டி. இருந்தால் என்ன? உள்ளே இருப்பவருக்கு அதெல்லாம் தெரியவே தெரியாது. எஃப் 6-ம் வேண்டாம், பிளாப்பியும் வேண்டாம்!

உள்ளே இருக்கும் விண்டோசுக்கு இணைய இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். பில் போட இணையம் எதற்கு? பாங்கு வேலையை வெளியே உள்ள புது விண்டோசில் பாருங்கள். அந்தப் பாவனைக் கம்ப்யூட்டரின் டிஸ்க் என்பது வெளியிலிருந்து பார்த்தால் ஒரே ஒரு பெரிய கோப்பு. கடை மூடும்போது வர்ச்சுவல் மிஷினை நிறுத்திவிட்டு அந்தக் கோப்பைக் காப்பி எடுத்தால், முழுக் கடையையும் காப்பி எடுத்தது போல!

வெறும் டாஸ் புரோகிராம் என்றால் இவ்வளவு கூட வேண்டாம். டாஸ்பாக்ஸ் போன்ற ஒன்றே பல புரோகிராம்களுக்குப் போதும். ஆனால் பிரிண்டர் சரியாக அடிக்கிறதா என்று ஒரு வாரமாவது பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு மாறுங்கள். சனிக்கிழமை சாயங்கால வியாபாரத்தில் சோதனை வேண்டாம்.

பழசைத் தூக்கிப் போடாதீர்கள்

பழைய கம்ப்யூட்டர் இன்னும் ஓடுகிறதா? அதை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட அவசரப்பட வேண்டாம்.

அதில் தேய்வது பெரும்பாலும் சுற்றுகிற ஹார்டு டிஸ்க்தான். அதை அப்படியே ஒரு சாட்டா எஸ்.எஸ்.டி.க்குப் பிரதி எடுத்து மாட்டினால், பழைய விண்டோஸ், பழைய புரோகிராம், பழைய டிரைவர் எல்லாம் ஒரு எழுத்து மாறாமல் வந்துவிடும். வேகமும் கூடும். பில்லுக்கு அது, பாங்குக்குப் புது லேப்டாப் என்று பிரித்துக்கொண்டால் இரண்டு தலைவலியும் தீர்ந்தது.

லேப்டாப்பை ரிப்பேருக்குக் கொடுக்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள்:-

"காப்பி எடுத்தாச்சா?"

"எந்த டிஸ்க்கை அழிக்கப் போறே, அளவு எவ்வளவு?"

"டிரைவர் கம்பெனி சைட்ல எடுத்ததா, வேற எங்கேயாவது எடுத்ததா?"

மூன்றுக்கும் சட்டென்று பதில் வந்தால் லேப்டாப்பைக் கொடுக்கலாம். "அதெல்லாம் நான் பாத்துக்கறேன் சார்" என்று பதில் வந்தால், லேப்டாப்பை வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். ரிச்சி தெருவில் கடைக்கா பஞ்சம்?